கண்டிக்குப் போன பெரிய தாத்தா

எங்க தாத்தாவோட அண்ணன் கண்டிக்குப் போனவர். எங்க பக்கம் அப்படிச் சொன்னா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்னு அர்த்தம். எந்தத் தோட்டம், என்ன ஆனார்னு வீட்டுல யாருக்கும் தெரியாது.

திருவேங்கடத்துல எங்களுக்கு ரெண்டு ஏக்கர் கரிசல் காடு இருக்கு. உளுந்தும் மக்காச்சோளமும் போடுறேன். போன வருஷம் கூட்டுப் பட்டாவைப் பிரிக்கலாம்னு போனா, அதுல பெரிய தாத்தா பேரும் இருக்கு. "இவரோட வாரிசு யாரு?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. அன்னைக்கு ஆரம்பிச்ச தேடல் இது.

முதல்ல தெரிஞ்சுக்கிட்டது, நம்ம ஆட்கள் எந்தக் கப்பல்ல ஏறினாங்களோ அதைப் பொறுத்துத்தான் அவங்க தடயம் இருக்கும்ங்கிறது. 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அதுல இருந்து 1911 வரைக்கும் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவங்க சுமார் 1,52,000 பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண். பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்புல உள்ள தழும்பு வரைக்கும் எழுதி வச்சாங்க. ஒப்பந்தக் கூலியை அடையாளம் காட்டத்தான் அந்தக் கணக்கு; பாசத்துல எழுதினது இல்லை. ஆனா இன்னைக்கு அந்தப் பேரப்பிள்ளைகள் ஊர் தேடி வர்றதுக்கு அதுதான் வழிகாட்டி. மொரீஷியஸ்லயும் இந்த மாதிரிப் பதிவுகளை மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துல காப்பாத்தி வச்சிருக்காங்க.

கண்டிக்குப் போன கதை வேற. அங்க கங்காணி முறை. கங்காணி தன் ஊருக்கே வந்து, சொந்தபந்தத்தையும் தெரிஞ்சவங்களையும் முன்பணம் கொடுத்துக் கூட்டிட்டுப் போவார். நேட்டால் மாதிரி ஆளுக்கு ஆள் ஒப்பந்தம் கிடையாது. தோட்டம் மாறணும்னா 'துண்டு' வேணும். அந்தச் சீட்டுல முக்கியமா இருந்தது அந்தக் கூலி எவ்வளவு கடன் பாக்கி வச்சிருக்கார்ங்கிறதுதான். 1921-ல்தான் அதை ஒழிச்சாங்க.

பிறகு 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை வச்சுக்கணும்னு பிரிச்சாங்க. மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு விட்டாங்க. ரெண்டு மூணு தலைமுறை கழிச்சுத் திரும்பி வந்த எத்தனையோ பேருக்கு, தாத்தா ஊர்ல தெரிஞ்ச முகம் ஒண்ணும் இல்லை. நீலகிரியில அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சதே அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான்.

இதுல என்னை உறுத்துறது ஒண்ணு உண்டு. பெரிய தாத்தா பேர் இன்னைக்கும் ஒரு புஸ்தகத்துல இருக்குன்னா, எங்களுக்கு ரெண்டு ஏக்கர் இருந்ததுனாலதான். அவரோட கூடப் போனவங்கள்ல பாதிப் பேருக்கு மேல காணி நிலம் கிடையாதுன்னு அத்தை சொல்லுவாங்க. தாது வருஷப் பஞ்சத்துல இருந்தே அப்படிக் கிளம்பினவங்கதான் அதிகம். பட்டாவுல பேர் இல்லாதவங்களுக்கு ஊர்க் கணக்குல ஒரு வரிகூட இல்லை.

அத்தைக்கு எண்பத்தஞ்சு வயசு. "காகிதத்தை என்னத்துக்குடா தேடுற? சாஸ்தா எதுன்னு தெரிஞ்சா வந்து சேருவாக"ன்னு சொன்னாங்க. பங்குனி உத்திரத்துக்கு அவங்கவங்க சாஸ்தா கோயிலுக்குப் போறது எங்க ஜில்லாப் பழக்கம். ஊரை விட்டுப் போனவங்க பிள்ளைகளும் அன்னைக்கு வந்து பொங்கல் வைப்பாங்க. ஊர் பேர் மறந்த குடும்பத்துலயும் சாமி பேர் மட்டும் தங்கியிருக்கிறதை நான் பார்த்திருக்கேன்.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். சென்னையில, பெங்களூருல இருக்கிறவங்க, வீட்டுல வயசானவங்க இருக்கும்போதே நாலு விஷயத்தை எழுதி வச்சுக்கோங்க: தாத்தாவோட அப்பா பேர், ஊர், குலசாமி, யார் எந்தச் சீமைக்குப் போனாங்க. பாட்டிகள் பிறந்த ஊரையும் சேர்த்து எழுதுங்க. அதுதான் முதல்ல மறந்துபோகுது.

பட்டா இன்னும் பிரிக்கலை. இந்தப் பங்குனி உத்திரத்துக்கும் கோயில் வாசல்ல கொஞ்ச நேரம் சும்மா நின்னேன், தெரியாத முகமா யாராவது வர்றாங்களான்னு.