உயிர் வராத பெட்டி

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, முன்பக்க விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளின் நோட்டில் ‘டிஸ்பிளே வரல’ என்று பதிவாகும் புகார் இது. நோயின் தோற்றம் நாற்பது ஆண்டுகளாக ஏறக்குறைய ஒன்றுதான். காரணம்தான் காலத்துக்குக் காலம் இடம் மாறியது. ஒவ்வொரு காரணமும் போகும்போது மதர்போர்டில் ஏதோ ஒரு உறுப்பைக் கூட்டிவிட்டுப் போனது. இன்றைய போர்டு ஒன்றைக் கையில் எடுத்தால், அதில் பாதி உறுப்புகள் வேகத்துக்காக வந்தவை, மீதியில் பல பழைய சாவுகளுக்காக வந்தவை.

1975-ல் வந்த ஆல்டேர் 8800-ஐ வாங்கியவர்களுக்குத் தானாகக் கிளம்பும் கம்ப்யூட்டர் என்ற எதிர்பார்ப்பே கிடையாது. கரண்ட் கொடுத்ததும் அதன் நினைவகத்தில் உருப்படியாக எதுவும் இருக்காது. முன்பக்கத்தில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, முதல் சில கட்டளைகளை ஆளே உட்கார்ந்து ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் காகித நாடாவிலிருந்து புரோகிராம் ஏறும். பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிய பேசிக் மொழியை ஆல்டேர் நிறுவனத்தாருக்குக் காட்ட ஆலன் ஆல்பகர்க்கிக்கு விமானம் ஏறினார். இறங்கப்போகும் நேரத்தில்தான் அந்த முதல் கட்டளைகளை எழுதவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. இருக்கையில் இருந்தபடியே எழுதி முடித்து, தரையிறங்கிய பின் சுவிட்சுகளைத் தட்டி ஏற்றினார். அந்த நாளில் இயந்திரம் கிளம்பவில்லை என்றால் முதல் சந்தேகம் தட்டிய விரல் மீதுதான் விழும்.

அடுத்த சில ஆண்டுகளில் இந்த வேலை ரோம் சிப்புக்குப் போய்விட்டது. 1981 ஆகஸ்ட் 12-ல் ஐபிஎம் தன் பிசியை அறிவித்தபோது, அதில் கிளம்புவதற்கான கட்டளைகளோடு தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வழியும் சேர்ந்து வந்தது. ஃபுளோரிடாவின் போகா ரேட்டனில் அந்தக் கணினியை வடிவமைத்த சிறு குழுவில், பயாஸ் எனப்படும் இந்தக் கட்டளைத் தொகுப்பை எழுதியவர் டேவிட் பிராட்லி. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி கம்ப்யூட்டரைத் திரும்பக் கிளப்பும் உத்தியும் அவருடையதே.

அவர் எழுதிய சோதனையின் வரிசை கவனிக்கத்தக்கது. 8088 பிராசசர் விழித்ததும், 1 மெகாபைட் எல்லைக்கு 16 பைட் முன்னால் உள்ள முகவரிக்குப் போகும். அங்கிருந்து பயாஸுக்குத் தாவும். பயாஸ் முதலில் பிராசசரைச் சோதிக்கும். பிறகு ரோமில் உள்ளதைக் கூட்டிப் பார்த்துத் தொகை சரிதானா என்று பார்க்கும். அதன்பின் டைமர், ராமின் முதல் 16 கிலோபைட், டிஸ்பிளே, கீபோர்டு என்று போகும். பிராசசரே கெட்டிருந்தால் செய்வதற்கு எதுவும் இல்லை. பயாஸில் அந்த இடத்தில் ‘நில்’ என்ற ஒரே கட்டளை இருக்கிறது. பெட்டி அப்படியே உறைந்து நின்றுவிடும்.

சிக்கல் திரையில்தான். திரைக்கு உயிர் வருவதற்கு முன்பே ஏற்படும் பழுதைத் திரையில் எழுதிக் காட்ட முடியாது. ஆகவே உள்ளே இருந்த சின்ன ஸ்பீக்கர் வாய் திறந்தது. ஒரு குறுகிய பீப் என்றால் எல்லாம் நலம். ஒரு நீளமும் இரண்டு குறுகலும் என்றால் டிஸ்பிளே கார்டில் கோளாறு. சத்தமே இல்லை என்றால் பவர் சப்ளையிலும் போர்டிலும் தேட வேண்டும். திரை வந்துவிட்டால் எண்கள் பேசும்: 201 என்றால் ராம், 301 என்றால் கீபோர்டு, 601 என்றால் ஃபிளாப்பி டிரைவ். மெக்கானிக்கின் காதையும் கண்ணையும் நம்பி அமைத்த முறை இது. ஐபிஎம் இன்னொரு படி மேலே போய், பயாஸின் முழு வரிகளையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே கொடுத்தது. பழுது பார்ப்பவர் எந்த வரியில் இயந்திரம் நின்றது என்று ஊகிக்கலாம். இன்று பெரும்பாலான நிறுவனங்கள் செய்யத் துணியாத தாராளம்.

அச்சிட்டதைப் பார்த்துக் காப்பியடித்த போட்டிக் கம்பெனிக்காரர்கள் வழக்கில் மாட்டினார்கள். பார்க்காமலே அதே வேலையைச் செய்யும் பயாஸை எழுதியவர்கள் பிழைத்தார்கள். காம்பாக் அப்படி எழுதித் தனக்கே வைத்துக்கொண்டது. ஃபீனிக்ஸ் எழுதி எல்லோருக்கும் விற்றது. 1985-ல் சுப்ரமணியன் சங்கரும் பேட் சர்மாவும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸும் இந்தச் சந்தையில் இறங்கியது. அந்த நிறுவனத்துக்குப் பின்னாளில் சென்னையிலும் அலுவலகம் வந்தது. ஆளாளுக்கு பயாஸ் எழுதியதன் விலையைக் கொடுத்தவர் மெக்கானிக். அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸின் ‘ஏமி’ பயாஸில் மூன்று பீப் ராமைக் குறிக்கும், எட்டு பீப் டிஸ்பிளே மெமரியைக் குறிக்கும். அவார்டு என்ற இன்னொரு கம்பெனியின் பயாஸில் ராம் சரியில்லை என்றால் நீண்ட பீப் விட்டு விட்டு ஓயாமல் கத்தும். போர்டு எந்தக் கம்பெனி என்பதைவிட பயாஸ் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி ஆயிற்று. ராமைக் கழற்றி, அதன் தங்க முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகும் வைத்தியம் நம் ஊர்க் கடைகளில் நிலைத்ததற்கு அந்த ஓயாத பீப்பும் ஒரு காரணம். பாதி நேரம் அது பலிக்கவும் செய்தது.

1984-ல் வந்த ஐபிஎம் ஏடி இரண்டு புதிய பழக்கங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, டிரைவ் விவரங்களையும் கடிகாரத்தையும் பேட்டரியின் தயவில் நினைவில் வைத்துக்கொள்ளும் சிப்பு. அதனோடு ‘பேட்டரி தீர்ந்ததால் கிளம்ப மறுப்பது’ என்ற புதுவகைப் பழுதும் பிறந்தது. மற்றொன்று, ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் அதன் எண்ணை 80 ஹெக்ஸ் என்ற போர்ட்டுக்கு அனுப்புவது. சாதாரண ஆளுக்கு அது தெரியாது. இரண்டு இலக்கம் காட்டும் கார்டு ஒன்றைச் செருகினால், கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். அந்த எண்ணுக்குரிய சோதனையில்தான் இயந்திரம் செத்தது.

இதுவரை சொன்ன எல்லாமே பயாஸ் உயிரோடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் நின்றவை. 1999 ஏப்ரல் 26-ல் அந்த நம்பிக்கை உடைந்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஹெச் வைரஸ் அன்று விழித்து, ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. சில வகை போர்டுகளில் பயாஸ் சிப்பிலேயே குப்பையை எழுதியது. தென் கொரியாவில் லட்சக்கணக்கான கணினிகள் அடிபட்டன. செர்னோபில் விபத்து நடந்த தேதியும் அதுவே என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரோம் சிப்பைக் கழற்றாமலே புதுப்பிக்கலாம் என்ற வசதிக்காக ஃபிளாஷ் சிப்புக்கு மாறியவர்கள், அந்த வசதி வைரஸுக்கும் திறந்திருக்கும் என்று யோசித்திருக்கவில்லை. அடிபட்ட போர்டு பீப்கூட அடிக்காது. கத்த வேண்டிய நிரலே அழிந்துவிட்டதே.

மெக்கானிக்குகள் கண்டுபிடித்த மாற்று வைத்தியம் துணிச்சலானது. அதே மாடலில் நல்ல போர்டு ஒன்றைக் கிளப்பி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சிப்பைப் பிடுங்கி, செத்த சிப்பைச் செருகி, அதில் புதிதாக எழுதுவது. கை நடுங்கினால் இரண்டு போர்டும் போய்விடும். சில கம்பெனிகள் ஒரே போர்டில் இரண்டு பயாஸ் சிப்புகளை வைத்து விற்றன.

ஆனால் டெஸ்க்டாப்புகளை மொத்தமாகச் சாய்த்தது வைரஸ் அல்ல, பிராசசரைச் சுற்றி நிற்கும் சுண்டுவிரல் அளவு உருளைகள்.

பவர் சப்ளை கொடுப்பது 12, 5, 3.3 வோல்ட். பென்டியம் 4 காலத்துப் பிராசசருக்குத் தேவையோ ஒன்றரை வோல்ட் அளவில், ஆனால் பல பத்து ஆம்பியர். பெரிய அழுத்தத்தைச் சின்னதாக்கும் சுற்று சாக்கெட்டின் பக்கத்திலேயே இருக்கும். அதில் எழும் அலைகளைத் தணித்துச் சீராக்குவது எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களின் பொறுப்பு. மின்தடை குறைவாக இருக்கவேண்டும் என்பதற்காக அவற்றுக்குள் தண்ணீர் அதிகம் கலந்த திரவத்தை ஊற்றினார்கள். தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். அதைத் தடுக்கும் ரசாயனம் கூடவே இருந்தால் ஆபத்தில்லை. இல்லாவிட்டால் ஹைட்ரஜன் உருவாகி, டப்பியின் உள்ளே அழுத்தம் ஏறி, தலையில் கீறி வைத்திருக்கும் கோட்டின் வழியே பிளக்கும்.

2002-ல் இப்படிப் பிளந்த தலைகள் ஆபிட் போன்ற கம்பெனிகளின் போர்டுகளில் கூட்டமாகத் தெரிந்தன. 2003 பிப்ரவரியில் ஐஈஈஈ ஸ்பெக்ட்ரம் இதழ் இதை எழுதியது. ஜப்பானிய நிறுவனத்திலிருந்து விலகிய விஞ்ஞானி ஒருவர் சீனத்தில் உருவாக்கிய சூத்திரத்தை ஊழியர்கள் தைவானுக்கு எடுத்துப்போனார்கள், ஆனால் முழுதாக அல்ல. தடுப்பு ரசாயனம் விடுபட்டுப்போனது என்பது அப்போது பரவிய கதை. துப்பறியும் நாவலுக்கு ஏற்ற கதைதான், ஆனால் முழு வழக்குக்கும் அது போதாது. டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் உப்பியவை தைவான் சரக்கு அல்ல, ஜப்பானின் நிச்சிகான் கம்பெனியுடையவை.

டெல் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற ஆப்டிபிளெக்ஸில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கணினிகள் இந்த ஆபத்தில் இருந்தன என்பது பின்னால் நீதிமன்ற ஆவணங்களில் வெளியானது. பாதிக்கப்பட்டவற்றில் மூன்று ஆண்டில் 97 சதவீதம் வரை கோளாறு வரலாம் என்று கம்பெனிக்குள்ளேயே கணக்கு இருந்ததாக வழக்கு சொன்னது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகச் செத்தபோது, டெல் சொன்ன காரணம் அலாதியானது: கடினமான கணக்குகளைப் போடச் சொல்லிக் கணினிகளை அளவுக்கு மீறி வேலை வாங்கிவிட்டார்களாம். கணிதத் துறை கணினியில் கணக்குப் போட்டது குற்றமாயிற்று. வட கரோலினாவில் அட்வான்ஸ்டு இன்டர்நெட் டெக்னாலஜிஸ் என்ற கம்பெனி 2007-ல் டெல் மீது வழக்குப் போட்டது. அந்த வழக்கில் டெல்லுக்காக வாதாடிய வக்கீல் அலுவலகத்தின் ஆயிரம் கணினிகளைச் சரிசெய்து தருவதற்கே டெல் தயங்கியதாக 2010-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இந்தக் கணினிகளைச் சரிசெய்யவும் மாற்றவும் டெல் ஒதுக்கிய தொகை 30 கோடி டாலர்.

இந்தக் கெப்பாசிட்டர் பழுதின் குணம் வஞ்சகமானது. காலையில் நாலைந்து முறை பட்டனை அழுத்தினால்தான் கிளம்பும். சூடேறியதும் நாள் முழுக்க ஓடும். மறுநாள் ஆறேழு முறை ஆகும். ஒரு நாள் அடியோடு நிற்கும். பீப் கேட்காது, எண் வராது, ஏனென்றால் சோதனை தொடங்கும் அளவுக்குச் சீரான மின்சாரமே பிராசசருக்கு வந்துசேரவில்லை. இருபது ஆண்டுகளாகக் காதால் கேட்டுப் பழகிய மெக்கானிக் இப்போது கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, எந்த டப்பியின் தலை உப்பியிருக்கிறது, எதில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்திருக்கிறது என்று பார்க்கக் கற்றார். கண்ணால் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம் என்ற அளவில் இது எளிய பழுதும்கூட. வாரன்டி முடிந்த போர்டுக்கு, சென்னை ரிச்சி தெரு போன்ற உதிரிபாகச் சந்தையில் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் பார்த்து வாங்கி, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் உயிர் திரும்பும். புது போர்டு விற்பவருக்கு இது பிடிக்காத வைத்தியம்.

கம்பெனிகள் கற்ற பாடம் விளம்பரத்திலேயே தெரிந்தது. 2006 வாக்கிலிருந்து, திரவத்துக்குப் பதில் பாலிமர் கொண்ட திடக் கெப்பாசிட்டர்களை வைத்து, அதையே அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டார்கள். போர்டு வாங்க வந்தவர் வேகத்துக்கு முன் கெப்பாசிட்டரைப் பார்த்து வாங்கிய விசித்திரக் காலம் அது.

பீப் அடிக்கும் ஸ்பீக்கர் பிறகு கேபினட்டோடு வருவதே அரிதாயிற்று. அதன் இடத்தில் போர்டின் ஓரத்தில் பிராசசர், ராம், டிஸ்பிளே, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் வந்தன. எதில் சிக்கலோ அது அணையாமல் எரியும். விலை உயர்ந்த போர்டுகளில் அந்தப் பழைய இரண்டு இலக்கக் காட்சி, தனிக் கார்டு தேவைப்படாமல் போர்டிலேயே பதிந்துவிட்டது. பிராசசரும் ராமும் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸை எழுதும் பட்டனும் சில போர்டுகளில் உண்டு.

2022-ல் டிடிஆர்5 ராம் மட்டுமே ஏற்கும் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகள் வந்தபோது இந்த வரிசையில் ஒரு புதுமை சேர்ந்தது. முதல் முறை கிளம்பும்போது போர்டு ராமோடு நேரத்தைச் சரிபார்த்துப் பழக வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கறுப்புதான். போர்டு செத்துவிட்டது என்று நினைத்து வாங்கியவர்கள் பவரை நிறுத்தினார்கள், பழகல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இதைத் தடுக்க ஏஎஸ்ராக் தன் போர்டுகளில், எவ்வளவு ராமுக்கு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்ற அட்டவணையை அச்சிட்டு, ராம் ஸ்லாட்டுகளின் மேலேயே ஸ்டிக்கராக ஒட்டி அனுப்பியது. அதைப் பிரித்தால் பசை ஸ்லாட்டில் தங்கிவிடுகிறது, சுரண்டி எடுக்க முடியவில்லை என்பது அடுத்து வந்த புகார்.