சைக்கிளுக்கு லட்சணம் பார்த்தவர்கள்

மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். சைக்கிளுக்கு நாம் அப்படியெல்லாம் பார்த்ததில்லை. ராலேயா, ஹெர்குலிஸா, ஹம்பரா என்று கேட்போம். முன்னால் இருக்கும் முத்திரையைப் பார்ப்போம். 22 அங்குலம் அல்லது 24 அங்குலம், அவ்வளவுதான் அளவு. கால் எட்டாவிட்டால் சீட்டை இறக்கிக்கொள்ள வேண்டியது.

அந்த வண்டிகள் பிறந்த இங்கிலாந்திலேயே, 1930 முதல் 1950 வரையான காலத்தில், ஆலை வண்டியை ஏறெடுத்தும் பார்க்காத ஒரு கூட்டம் இருந்தது. பணக்காரர்கள் இல்லை, தொழிற்சாலைக்காரர்கள், கணக்கர்கள், கடைப் பையன்கள். சைக்கிள் கிளப்புகளில் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்டியவர்கள். தையல்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பது போலப் பட்டறையில் போய் அளவு கொடுத்து, பல வாரக் கூலியைச் சேர்த்து, ஒரு ஃபிரேம் செய்துகொள்வார்கள். அதன் பிறகு ஒருவர் வண்டியை இன்னொருவர் பார்த்து விமர்சிப்பது இருக்கிறதே, அது தனிக் கலை.

அவர்கள் பார்வை ஏன் அவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1890களிலேயே அங்கே பொதுச் சாலையில் கும்பலாகப் பந்தயம் ஓட்டுவதை சைக்கிள் சங்கமே தடுத்துவிட்டது. போலீஸ் தொல்லைக்குப் பயந்துதான். அதற்கு மாற்றாக 1895 அக்டோபர் 5 அன்று பிட்லேக் என்பவர் ஒரு வழி கண்டார். ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கிளம்புவது; கடிகாரத்தோடு மட்டும் போட்டி. விடியற்காலையில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை போட்டுக்கொண்டு, பாதைக்கு ரகசியக் குறியெழுத்து வைத்து நடத்தினார்கள். பந்தயத்துக்குப் போவதும் அதே வண்டியில்தான். மட்கார்டு, பை எல்லாவற்றோடும் வீட்டிலிருந்து மிதித்துப் போவார்கள். பந்தயச் சக்கரங்கள் இரண்டையும் முன் அச்சின் இருபுறமும் சின்னக் கொக்கிகளில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே போய் மட்கார்டைக் கழற்றி, சக்கரத்தை மாற்றி, பந்தயம் ஓட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். திங்கள்கிழமை வேலைக்குப் போவதும் பெரும்பாலும் அதே வண்டியில்.

ஒரே வண்டி இத்தனைக்கும் உழைக்க வேண்டும் என்றால், கண் முதலில் அங்கேதான் போகும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவிலுள்ள இடைவெளி முன்னிருந்து பின் வரை ஒரே சீராக இருக்கிறதா? பார் தரைக்கு இணையாக இருக்கிறதா? ஃபிரேமுக்கு மேலே சீட் கம்பி ஒரு கைப்பிடி அளவு தெரிகிறதா? அதைவிட அதிகம் தெரிந்தால் ஃபிரேம் சின்னது, தெரியவே இல்லை என்றால் பெரியது. இரவல் சட்டை போலத்தான். சீட்டின் மூக்கில் முழங்கையை வைத்தால் விரல் நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும். குதிகாலைப் பெடலில் வைத்தால் முழங்கால் மடங்காமல் கால் நேராக வேண்டும். இன்றைய நிபுணர்கள் கேமராவும் கம்ப்யூட்டரும் வைத்து அளக்கிறார்கள். பழைய கைக்கணக்கு எல்லா உடம்புக்கும் சரியாக வராது என்பது உண்மைதான். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தே, ‘இந்த வண்டி இந்த ஆளுக்குத் தைத்தது’ என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது.

அடுத்தது குழாய். பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் கம்பெனி 1897இலேயே ஒரு காப்புரிமை வாங்கியிருந்தது: நுனிகளில் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் உள்ள குழாய். பற்றவைக்கும் இடத்தில் பலம் வேண்டும், நடுவில் வேண்டாம். வெளியே தடவிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 1935இல் அவர்கள் மாங்கனீசு, மாலிப்டினம் கலந்த எஃகில் 531 என்ற குழாயைக் கொண்டுவந்தார்கள். ஃபிரேமில் அந்தச் சின்ன 531 ஒட்டுப்படம் இருந்தால், நம் ஊரில் நகைக்கு ஹால்மார்க் போல. இந்த ரெனால்ட்ஸை 1928இல் சேர்த்துக்கொண்ட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் 1949இல் முருகப்பா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. நாம் ஓட்டிய ஹெர்குலிஸுக்கும் அந்தப் பந்தய வண்டிக்கும் ஒருவகையில் தாயாதி உறவு. சொத்தில் மட்டும் பங்கு வரவில்லை.

குழாய்கள் சேருமிடத்தில் போடும் உறைக்கு லக் என்று பெயர். நம் வண்டியில் அது மொத்தையாக இருக்கும். அந்தப் பட்டறைகளில் அதைக் கையால் அரம் பிடித்து, ஓரத்தை மெலிதாக்கி, பூவேலை போல வெட்டுவார்கள். ஓரம் மெலிதாக இருந்தால் விசை குழாய்க்குள் மெல்ல இறங்கும் என்று ஒரு காரணமும் சொல்வார்கள். இந்தக் கைவேலையில் பெயர் பெற்றது வட லண்டன் டாட்டன்ஹாமில் இருந்த ஹெட்சின்ஸ் கடை. ஹைமன் ஹெட்சின் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறியவர். வியாபாரம் அவருடையது, கை ஜாக் டென்னியுடையது. 1930களின் நடுவில் டென்னி, பின்சக்கரத்தைப் பிடிக்கும் குழாய்களை நேராக விடாமல் எஸ் வடிவில் நெளித்துவிட்டார். அதிர்வைக் குறைக்கும் என்பது விளம்பரம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெர்மானியர் டோனி மெர்கன்ஸ் ஹெட்சின்ஸ் வண்டியில் தங்கம் வாங்கியதும் பேர் பரவியது. (இறுதிப் போட்டியில் எதிராளியின் வழியை மறித்ததற்காக 100 மார்க் அபராதம் கட்டினார்; பதக்கம் அவரிடமே இருந்தது!)

பிறகு ஆளுக்கொரு கோணல். கிழக்கு லண்டன் பேட்ஸ் சகோதரர்கள் முன் ஃபோர்க்கை இரண்டு தடவை வளைத்தார்கள். பிராட்ஃபோர்டு பெயின்ஸ் செய்த வண்டியைப் பார்த்தால் வீட்டு வாசல் கேட் போல இருக்கும். ‘பறக்கும் கேட்’ என்றே அதற்குப் பட்டப்பெயர். தானெட் வண்டியில் பெடல் அச்சு ஒரு தொட்டிலில் கிடக்கும்.

இதற்கெல்லாம் வழக்கமாகச் சொல்லப்படும் கதை, விளம்பரத் தடை. அமெச்சூர் வீரரை வைத்து யாரும் விளம்பரம் தேடக் கூடாது. பத்திரிகைப் படத்தில் ஃபிரேமில் இருக்கும் பெயரை மை பூசி மறைத்துவிடுவார்கள். பெயரை மறைக்கலாம், நெளிந்த குழாயை மறைக்க முடியுமா? இதுதான் காரணம் என்று ஒரு கட்சி. இல்லை, ஓட்டத்துக்காகவே செய்தது என்று இன்னொரு கட்சி. கிழட்டு சைக்கிள்காரர்கள் இன்றும் இதற்காகச் சண்டை போடுகிறார்கள்.

நான் முதல் கட்சி. முக்கோணமாகப் பூட்டிய ஃபிரேம் மேல்கீழாக அசைவது மிகக் குறைவு. குலுக்கலை வாங்கிக்கொள்வது டயர், அதற்குப் பிறகு தோல் சீட். அந்த நெளிவால் முதுகுக்கு உண்மையில் பெரிய சுகம் கிடைத்திருக்க வழியில்லை. அதற்காக அதை ஏமாற்று வேலை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மெல்லிய குழாயை நசுங்காமல் வளைக்க வேண்டும். வலது இடது இரண்டும் ஒன்றுபோல வளைய வேண்டும். அதன் பிறகும் பின்சக்கரம் முன்சக்கரத்தின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். நேர்க்குழாயில் மறைத்துவிடக்கூடிய பிசகு இதில் பளிச்சென்று தெரிந்துவிடும். அந்த நெளிவைப் பார்த்த கிளப் ஆள், அது தன்னை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கவில்லை. இதைச் செய்தவனுக்குக் கண்ணில் படாத உள்வேலையையும் நம்பிக் கொடுக்கலாமா என்றுதான் பார்த்தான். பற்றவைப்பின் பித்தளை உள்ளே முழுக்க ஓடியிருக்கிறதா என்பதை யாரும் திறந்து பார்க்க முடியாது. மலைச் சரிவில் இறங்கும்போது ஃபோர்க் பிட்டுக்கொண்டால் உயிரே போகும். வெளியழகு உள்வேலைக்குச் சாட்சி. சில சமயம் பொய்ச்சாட்சியும் உண்டு. பூவேலை பிரமாதம், ஆனால் ஃபிரேம் கோணல் என்பதும் நடக்கக்கூடியதே.

1950களின் கடைசியில் சின்னக் கார்களும் ஸ்கூட்டர்களும் வந்தன. கிளப்புகள் மெலிந்தன, பட்டறைகள் ஒன்றொன்றாக மூடின. மிஞ்சிய ஃபிரேம்களை இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள். வாங்கியவுடன் பலர் செய்வது பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத் தடிமனான பவுடர் பூச்சுப் போடுவது. வண்டி கண்ணாடி போல மின்னும். ஆனால் டென்னி போன்றவர்கள் அரம் பிடித்து எடுத்த அந்த மெல்லிய ஓரம், பூச்சுக்கு அடியில் போய் மழுங்கிவிடும். துருவை மட்டும் நிறுத்திவிட்டு உதிர்ந்த பெயின்ட்டோடு வைத்திருப்பவர்கள் பக்கம்தான் என் ஓட்டு.