உண்ணிச்செடி யானைகள்

2024 பிப்ரவரியில் லால்பாக் போனவர்களுக்கு நினைவிருக்கும். புல்வெளியில் கூட்டமாய் யானைகள், அசல் உயரத்தில். என் பெண் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, "அப்பா, எல்லாம் குச்சிப்பா!" என்றாள். என்ன குச்சி என்று பார்த்தால்... நம்ம உண்ணிச்செடி! பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கறுப்பாய்ப் பழம் பறித்துத் தின்று, வீட்டில் திட்டு வாங்குவோமே, அதேதான். (நல்லவேளை, காயைத் தின்னவில்லை. அது விஷமாம்.)

கூடலூர்ப் பக்கத்துப் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர்கள், கூடவே சோளகர்கள் செய்தவை. தண்டை வேகவைத்துத் தோலுரித்து, கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் கூடலூரில் நிஜமாகத் திரியும் ஒரு யானையின் சாயல். 2021ல் லண்டன் பார்த்துவிட்டார்கள். லால்பாக்குக்குப் பிறகு, அதே 2024ல் நூறு யானைகள் அமெரிக்காவுக்கும் போயின. (நமக்கு விசா வாங்கவே நாக்கு தள்ளுகிறது!)

சரி, கதைக்கு வருவோம். இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் வேலிக்கும் வைத்தார்கள். பழத்தைத் தின்ற பறவைகள் காடெல்லாம் விதைத்துவிட்டன. ஆடுமாடு வாய் வைக்காது. புதர் மூடிய இடத்தில் புல் எழும்பாது. யானைக்குத் தீனி போச்சு. 2020ல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு: 1,54,000 சதுர கிலோமீட்டர் காடு. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000தான்!

ஆக, ஒரு தோட்டத்திலிருந்து தப்பிய செடி, யானையாகி இன்னொரு தோட்டத்தில் வந்து நின்றது.

எனக்கு உறுத்துவது வேறு. பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்கள், கோடை முற்றுமுன் தரைச் சருகுக்குச் சின்னதாய்த் தீ வைப்பார்கள். இளம் உண்ணிச்செடி அதிலேயே கருகும் என்பது பெரியவர்கள் சொல்வது. 1974ல் அங்கே சரணாலயம் வந்தது. தீ வைப்பதும் நின்றது. பெங்களூரு ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் 1997, 2008 கணக்கெடுப்புகளை ஒப்பிட்டார்கள். உண்ணி பரவிய இடம் ஏறக்குறைய இரட்டிப்பு. தீ நின்றது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடக்கத் தெரிந்தவர்கள் கையைக் கட்டிப்போட்டது உண்மை. அதே கைதான் இன்று உண்ணியை வெட்டி யானை கட்டுகிறது.

வரும்படி கிடைப்பதில் சந்தோஷம்தான். ஆனால் பேங்க்காரன் புத்தி போகுமா? ஒரு யானைக்கு எத்தனை கட்டு வெட்டினாலும், அந்த 1,54,000க்கு முன்னால் அது வட்டிக்குக்கூடக் காணாது.