கண் தெரியாதவர் கண்ட வேகம்

கல்லடிப் பாலத்தில பஸ் இழுத்து இழுத்துப் போனா, முதலில் வயிறு கலங்கிறது டிரைவருக்கில்ல, பின்னால இருக்கிற நமக்குத்தான். குரூஸ் கண்ட்ரோலின் வரலாறும் ஒரு பயணியிடமிருந்துதான் தொடங்குது.

அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ப் டீட்டர் ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். அவரைக் காரில் ஏற்றிப்போன சட்டத்தரணி, பேசும்போது வேகத்தைக் குறைப்பாராம்; கேட்கும்போது கூட்டுவாராம். அந்தக் குலுக்கலில் பிறந்த யோசனைக்கு 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிறைஸ்லர் அதைக் கார்களில் பூட்டியது.

அடிப்படை பழசுதான். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் வைத்த சுழலும் குண்டுகள், வேகம் கூடினால் விரிந்து நீராவியைக் குறைக்கும். டீசலில் ஓடின நெல்லு மில் எஞ்சினிலும் இதே வேலையைச் செய்தது ‘கவர்னர்’தான்.

மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரிப் பாரம் குறைந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இதைப் பூட்ட மூன்று விசயம் வேணும்: வேகத்தை அறிய ஒரு சென்சர், த்ரொட்டில் கேபிளை இழுக்க ஒரு மோட்டார், பிரேக்கில் கால் பட்டதும் பிடியை விட ஒரு சுவிட்ச்.

மூன்றாவதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கருவிக்கு வேகம் தெரியும். திருமலை வீதியில குறுக்கே வாற மாடு தெரியாது.