தருமசேனர் துறந்த தலைமை

திருநாவுக்கரசு சுவாமிகள் சமண் பள்ளியினின்று மீண்டமைக்குச் சூலைநோயே காரணமெனக் கூறி அமைவார் பலர். அது மெய்யே, சுவாமிகளுடைய முதற் பதிகமே அதற்குச் சான்றாகும். ஆயினும், அந்நோய் முற்றியபோது அவர் யாரை நினைந்தார், எதனை விட்டு வந்தார் என்னும் இரண்டனையும் ஆராயாதொழியின் சேக்கிழார் பெருமான் திருவுள்ளக்கிடக்கை நன்கு புலப்படாது.

அவர் விட்டது சிறு பதவியன்று. புராணங் கூறும் பாடலிபுத்திரம் இன்று கடலூரின் ஒரு பகுதியாயுள்ள திருப்பாதிரிப்புலியூராம். லோகவிபாகம் என்னும் சமண நூலின் இறுதியில், காஞ்சியரசன் சிம்மவர்மனது 22-ஆம் ஆட்சியாண்டாகிய சகம் 380-இல், பாணராட்டிரத்துப் பாடலிகத்தில் சர்வநந்தி முனிவர் அந்நூலை எழுதினாரென்னும் குறிப்புக் காணப்படுகின்றது. அவ்வாண்டு கி.பி. 458 ஆகும். அப்பாடலிகம் இவ்வூரே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. சுவாமிகள் காலத்துப் பல்லவன், கி.பி. 600-ஐ அடுத்து அரசுகட்டிலேறிய முதலாம் மகேந்திரவர்மன் என்று கொள்ளின், மருணீக்கியார் அப்பள்ளியிற் புகுந்தபோது அதன் கல்விப் புகழ் ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்ட பழமையுடையதாயிருந்ததென்க. அங்கே அவர் சமண நூல்களெல்லாம் பயின்று, பௌத்தரை வாதில் வென்று, தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் எய்தினார். அத்தலைமையை இழித்துப் பேசுதல் நம்மவருட் சிலர்க்கு வழக்கம். அஃது எமக்கு உடன்பாடன்று. இழிந்த பொருளை விடுதலில் அருமை யாதுளது?

இனி அவர் நினைந்தது தமக்கையாரை. புகழனாரும் மாதினியாரும் மறைந்தபின், தமக்கென உறுதிசெய்யப்பட்ட கலிப்பகையாரும் போரில் மாண்டாரெனக் கேட்டுத் திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். தம்பியார் அவரடியில் வீழ்ந்து, 'நீரும் நீங்கின் யான் உமக்கு முன்னே உயிர்விடுவேன்' என்னும் கருத்துப்பட அழுதனர். அவ்வொரு சொல்லுக்காகவே அம்மையார் உயிர் தாங்கினார். அங்ஙனம் தம்மை நிறுத்திய தம்பியார் தாமே பின்னர்ப் பிரிந்து புறச்சமயம் புக்கனர். அம்மையாரோ திருவதிகை வீரட்டானத்தில் அலகிடுதலும் மெழுகிடுதலும் மேற்கொண்டு, தம்பியாரை மீட்டருளுமாறு இறைவனை வேண்டியிருந்தனர்.

நோய் பொறாத தருமசேனர் தம் சமையற்காரனை விடுத்துத் தமக்கையாரை அழைத்தார். ஈண்டு அன்பர்கள் சற்றே நின்று நோக்கல் வேண்டும். தம்பியின் பொருட்டு உயிரையே தாங்கியவர், அத்தம்பி துடிக்கின்றான் என்று கேட்டும் பள்ளிக்கு வர இசைந்திலர். கேட்பார்க்கு இது வன்கண்மையெனத் தோன்றும். எம் கருத்தில், அவர் சென்றிருப்பின் தருமசேனர்க்கு ஒரு செவிலி கிடைத்திருப்பார். மருணீக்கியார்க்கு ஒரு தமக்கை கிடைத்திரார். மறுத்தமையாலன்றோ தம்பியார், உடுத்த பாயும் உறித்தூங்கு குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெண்டுகில் புனைந்து, ஒருவருமறியாமே இரவிற் புறப்பட்டார்! கெடிலக்கரை ஊர்கள் இரண்டிற்கும் இடையே ஓரிரவு நடையே. அதற்கோ அத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன.

தமக்கையார் ஐந்தெழுத்தோதித் திருநீறளித்தார். பின்னர் நிகழ்ந்த நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் அன்பர் அறிந்தனவே. பல்லவனும் மனந்திரும்பி, பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்த கல்லால் அதிகையிற் குணதரவீச்சரம் எடுத்தான் என்பர் சேக்கிழார். திருச்சிராப்பள்ளி மலைக்குகையில் குணபரன் என்னும் பெயரோடு அவன் பொறித்த வடமொழிக் கல்வெட்டும், அவன் முன்னொழுக்கத்தினின்று திரும்பியதைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகின்றது.

இஃதொன்று எமக்கு வியப்பு. தலைமை துறந்த சுவாமிகள் பின்னர் ஏந்தியது புல் செதுக்கும் உழவாரம். அத்தொண்டை அவர் எங்கே கற்றாரென்பதற்கு விடை புராணத்துள்ளேயே உளது: திருநீறு பெற்ற அவ்விடியலில், திருவலகும் சாணமும் தோண்டியும் கொண்டு திருக்கோயிலுக்கு முன்னே நடந்தவர் தமக்கையார், பின்னே தொடர்ந்தவர் தம்பியார். அறுபத்துமூவர் தொகையிலோ அவ்வம்மையார் பெயர் இல்லை.