பழக்குதலும் பழகுதலும்

ஓர் ஐப்பசி மழையிரவில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு ஒரு பூனை வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம், மங்கலான வரிகள். ஒரு காதின் நுனி கிழிந்திருந்தது. மனிதர்களைக் கல்லெறிபவர்களாக மட்டுமே கண்டு வளர்ந்த தெருப்பூனை என்பதை அதன் நடையே சொல்லிற்று. தட்டில் வைத்த மீன்சோற்றை நாங்கள் உள்ளே சென்று கதவைச் சாத்திய பிறகுதான் தின்னும். ஓராண்டு கழித்துக் கதவு திறந்திருந்தாலும் தின்றது. அதற்கடுத்த ஆண்டில் படிக்கட்டில் நாங்கள் அமர்ந்திருக்கும்போதே மூன்றடி தூரத்தில் வந்து படுத்தது. கை நீட்டினால் மட்டும் சீறும். அந்த மூன்றடியை நாங்களும் மதித்து வந்தோம். தொடாமலேயே உறவு வைத்துக்கொள்ள முடியும் என்று எண்ணியிருந்தோம்.

மூன்றாம் ஆண்டில் அதன் கழுத்தில் ஒரு சீழ்க்கட்டி வந்தது. வேறொரு பூனையுடன் நடந்த சண்டையில் பட்ட கடியாக இருக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் சொன்னபோது, "பிடித்துக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்றார். பிடித்துக்கொண்டு என்ற சொல்லின் கனம் அன்றுதான் புரிந்தது. பழைய போர்வை ஒன்றைப் போட்டு அமுக்கினோம். எங்களில் ஒருவர் கடிபட்டு வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள நேர்ந்தது. கட்டி ஆறியது. ஆனால் பூனை நாற்பது நாட்கள் எங்கள் பக்கம் வரவில்லை. மதில்மேல் அமர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். மூன்றாண்டு உழைப்பை ஒரு போர்வை கெடுத்துவிட்டது. அடுத்த முறை நோய் வந்தால் என்ன செய்வது என்ற கவலை எங்களைப் பிடித்துக்கொண்டது. பூனை மனிதனின் கைக்கு எப்போது வந்தது, எப்படி வந்தது என்று தேடத் தொடங்கியது அந்த நாற்பது நாட்களில்தான்.

நம் மொழியில் பழகு, பழக்கு என்று இரண்டு வினைகள் உண்டு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. யானையைப் பழக்குகிறோம், மாட்டை ஏருக்குப் பழக்குகிறோம். பூனையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் 'பூனை பழகிவிட்டது' என்றே சொல்கிறோம். இந்தச் சிறிய இலக்கண வேறுபாட்டுக்குள் நீண்ட வரலாறு ஒன்று ஒளிந்திருக்கிறது.

அந்த வரலாற்றின் மிகப் பழைய சான்று சைப்ரஸ் தீவில் கிடைத்தது. ஷில்லூரோகாம்போஸ் என்ற புதிய கற்கால ஊரில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றை அகழ்ந்தவர்கள், அதிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி எட்டு மாதப் பூனை ஒன்று முழு உடலோடு புதைக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். பிரெஞ்சுத் தொல்விலங்கியலாளர் ழான்-டெனி வீன்யும் அவரது குழுவினரும் 2004இல் இதை அறிவித்தார்கள். சைப்ரஸில் இயற்கையாகப் பூனையினம் எதுவும் இருந்ததில்லை. ஆகவே யாரோ அதைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். 2007இல் கார்லோஸ் டிரிஸ்கலும் பிறரும் 979 பூனைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, உலகின் வீட்டுப்பூனைகள் அனைத்தும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்ற ஒரே இனத்தின் வழித்தோன்றல்கள் என்று காட்டினார்கள். வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் இனம் அது. களஞ்சியத்தில் தானியம் சேர்ந்தது, தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது என்ற கதையை நாம் எல்லோரும் அறிவோம்.

அந்தக் கதை பாதிதான். எலிக்காக வந்த பூனை கைக்கும் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. இதற்குச் சீனாவிலிருந்து ஒரு சான்று உண்டு. 2025இல் வெளியான மரபணு ஆய்வின்படி, சீன வேளாண் ஊர்களில் 5,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து மனிதர்களுக்கு அருகில் திரிந்தது வீட்டுப்பூனை அன்று, சிறுத்தைப்பூனை என்ற வேறோர் இனம். ஏறத்தாழ 3,500 ஆண்டுகள் அது ஊர்களைச் சுற்றியே வாழ்ந்தது. அதன் பிறகு மனிதக் குடியிருப்புகளை விட்டு மறைந்துபோயிற்று. இன்றும் அது காட்டு விலங்காகவே இருக்கிறது. மேற்கிலிருந்து வீட்டுப்பூனை சீனாவுக்கு வந்து சேர்ந்தது எட்டாம் நூற்றாண்டளவில், பட்டுப்பாதை வழியாக. மூவாயிரத்தைந்நூறு ஆண்டு அண்டைவீட்டு உறவு ஒரு தொடுதலில்கூட முடியவில்லை. எங்கள் மூன்றடித் தூரத்தை நினைத்துக்கொண்டோம்.

தொடுதலுக்கான பழைய சான்றைத் தேடினால் நாம் எகிப்துக்குப் போக வேண்டும். மேல் எகிப்தில் நைல் நதியின் மேற்குக் கரையில் உள்ள ஹையராகோன்போலிஸ் என்ற பழைய நகரின் மேட்டுக்குடி மயானத்தில், கி.மு. 3700 அளவில் புதைக்கப்பட்ட இளம் பூனை ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. இந்தியாவில் நாம் காட்டுப்பூனை என்று அழைக்கும் அதே இனம். வீட்டுப்பூனையின் மூதாதை அன்று. அதன் முன்னங்கால் எலும்பு ஒன்றும் தொடையெலும்பு ஒன்றும் முறிந்து, பிறகு கூடியிருந்தன. எலும்பு அந்த அளவுக்குக் கூட வேண்டுமானால் நான்கிலிருந்து ஆறு வாரங்களாவது அது மனிதர்களின் பிடியில் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2007இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இரு கால்கள் முறிந்த காட்டு விலங்கு தானாக வேட்டையாடிப் பிழைக்காது. யாரோ இரை வைத்திருக்கிறார்கள், காவல் காத்திருக்கிறார்கள். கடைசியில் அதைப் பிரேதக்குழிக்குக் கொண்டு சென்றதும் மனிதர்கள்தாம் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் மனிதக் கைக்கும் பூனைக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் முதல் பக்கம் என்று நாம் அந்தக் கூடிய எலும்பையே கொள்ளலாம்.

அடுத்த இரண்டாயிரம் ஆண்டுகளில் எகிப்தில் பூனை வீட்டுக்குள் வந்துவிட்டது. தீப்ஸ் நகரில் நக்த் என்பவரின் கல்லறை ஓவியத்தில் நாற்காலியின் அடியில் ஒரு பூனை மீன் தின்றுகொண்டிருக்கிறது. அக்கால ஓவியங்கள் சிலவற்றில் பூனை நாற்காலிக் காலோடு கயிற்றால் கட்டப்பட்டிருப்பதையும் காண்கிறோம். கட்டிவைத்த பூனை, கட்டாத பூனை என்று இரண்டையும் ஒரே காலத்தில் வரைந்திருக்கிறார்கள். பழக்கு, பழகு என்ற இரண்டு வினைகளும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்து சென்ற ஹெரோடோட்டஸ், வீட்டுப்பூனை இறந்தால் அவ்வீட்டார் புருவத்தை மழித்துத் துக்கம் காப்பார்கள் என்று எழுதி வைத்தார்.

இங்கே வரலாறு இருண்ட பக்கம் ஒன்றையும் காட்டுகிறது. பாஸ்டெட் தேவிக்குக் காணிக்கையாகச் செலுத்தப்பட்ட பதப்படுத்திய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, பலவும் ஓராண்டுகூட நிரம்பாத குட்டிகள் என்றும், பலவற்றின் கழுத்து முறிக்கப்பட்டிருந்தது என்றும் தெரிந்தது. காணிக்கைக்கென்றே வளர்க்கப்பட்டவை. கை வந்தபோது அவை ஓடியிருக்காது என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. பெனி ஹசன் அருகே தோண்டியெடுக்கப்பட்ட இத்தகைய பூனை உடல்கள், ஏறத்தாழ 19 டன் எடை, 1890இல் லிவர்பூலுக்குக் கப்பலேறி உரத்துக்காக ஏலம் போயின. மனிதக் கையை நம்பாத பூனையைக் குறை சொல்வதற்கு முன் இந்தப் பக்கத்தையும் நாம் படித்துவிட வேண்டும்.

சரி, ஆயிரக்கணக்கான ஆண்டு உறவு பூனையின் இரத்தத்தில் ஏறியிருக்கிறதா? ஓரளவுக்கு, என்றே பதில் கிடைக்கிறது. இங்கிலாந்தின் இயற்கையியலாளர் ஃபிரான்சஸ் பிட் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்காட்லாந்துக் காட்டுப்பூனைக் குட்டி ஒன்றை வளர்த்துப் பார்த்தார். அது கடைசிவரை சீறிக்கொண்டேயிருந்தது. அதற்கு அவர் சாத்தானின் பெயரைத் தழுவி பீல்ஸிபினா என்று பெயரிட்டார். அன்றைய ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், ரே ஸ்மிதர்ஸ் வளர்த்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் கதை வேறு. கோமானி என்ற அப்பூனை நான்கு மாதங்கள் காணாமற்போய், ஒருநாள் தோட்டத்து ஓரத்தில் தென்பட்டது. ஸ்மிதர்ஸின் மனைவி தரையில் அமர்ந்து மெல்லக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். கால்மணி நேரம் கழித்து அது வந்து அவர் காலில் உரசிக் குழைந்தது. இரண்டும் காட்டுப்பூனைகளே. ஒன்று நம் வீட்டுப்பூனையின் மூதாதை இனம், மற்றது அன்று. 2014இல் வெளியான மரபணு ஆய்வொன்று, வீட்டுப்பூனையும் காட்டுப்பூனையும் வேறுபடும் இடங்களில் அச்சம், நினைவு, பரிசுக்காகக் கற்றல் ஆகியவற்றோடு தொடர்புடைய மரபணுக்கள் இருப்பதைக் காட்டியது. பழகும் ஆற்றல் இரத்தத்தில் வருகிறது. பழக்கம் வருவதில்லை.

இதைத் தெளிவாக்கியவர் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலீன் கார்ஷ். அவருடைய சோதனையில் ஒரு குழுவின் குட்டிகளை மூன்றாவது வாரத்திலிருந்தும், இன்னொரு குழுவின் குட்டிகளை ஏழாவது வாரத்திலிருந்தும் தினம் 15 நிமிடம் கையில் எடுத்தார்கள். மூன்றாவது குழுவைத் தொடவேயில்லை. பிறகு, மடியில் வைத்தால் எவ்வளவு நேரம் இருக்கின்றன என்று அளந்தார்கள். மூன்றாவது வாரத்தில் தொடப்பட்டவை நெடுநேரம் இருந்தன. ஏழாவது வாரத்தில் தொடங்கியவற்றுக்கும் தொடப்படாதவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை ஒரு கதவு திறந்திருக்கிறது என்பது இதிலிருந்து கிடைத்த முடிவு. 1995இல் சாண்ட்ரா மெக்கியூன் வெளியிட்ட ஆய்வு, தகப்பன் பூனையின் சுபாவமும் குட்டியின் துணிச்சலில் வெளிப்படுவதைக் காட்டியது. அத்தனைக்கும் அந்தத் தகப்பன்கள் குட்டிகளோடு வாழ்ந்தவை அல்ல.

இந்த ஐந்து வாரத்தில்தான் நாம் தேடிய வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. பூனை ஒருமுறை வசப்பட்டு, அந்த வசம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது என்ற எண்ணம் சரியன்று. ஒவ்வொரு குட்டியிடமும் அது முதலிலிருந்து நிகழ வேண்டியிருக்கிறது. எந்தக் கையும் தொடாமல் அந்த ஐந்து வாரத்தைக் கடந்த குட்டிக்குச் சைப்ரஸும் எகிப்தும் நடக்கவேயில்லை.

எங்கள் கிணற்றடிப் பூனைக்கு அந்தக் கதவு மூடிப் பல காலம் ஆகிவிட்டிருந்தது. ஆனால் வளர்ந்த பூனையும் ஒரு குறிப்பிட்ட மனிதரிடம் மெல்ல மெல்லப் பழகக்கூடும் என்பதைத் தெருப்பூனைகளோடு காலம் கழித்தவர்கள் அறிவார்கள். ஸூரிச்சில் டென்னிஸ் டர்னரும் உடன் பணியாற்றியவர்களும் வீடுகளில் கவனித்துச் சொன்ன செய்தி ஒன்று எங்களுக்கு வழிகாட்டியது: பூனை தானாக அணுகினால் அந்தக் கொஞ்சல் அதிக நேரம் நீடிக்கிறது, மனிதன் அணுகினால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதர் மெதுவாகக் கண்களைச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் அவ்வாறே செய்கிறது, அறிமுகமில்லாதவரையும் அணுகத் துணிகிறது என்று கண்டார்கள்.

நாற்பது நாள் கழித்து அது திரும்பி வந்தபோது நாங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். தட்டை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்தோம். படிக்கட்டில் பக்கவாட்டாக அமர்ந்தோம். உற்றுப் பார்ப்பதை விட்டுக் கண்களை மெல்ல மூடித் திறந்தோம். பிறகு நீளமான மரக்கரண்டியின் நுனியில் மத்தி மீன் துண்டு. வாரங்கள் செல்லச் செல்லக் கரண்டியை நடுவில் பிடித்தோம், பிறகு நுனிக்கருகில். ஒருநாள் கரண்டி இல்லாமல் ஒரு விரல் மட்டும் அங்கே இருந்தது. மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அன்று அதற்குமேல் எதுவும் செய்யாதிருந்தது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. முதலில் தொட அனுமதி கிடைத்தது கன்னத்தில், இரண்டு விநாடி. அது விலகுவதற்கு முன் நாங்கள் கையை எடுத்துக்கொண்டோம். போர்வையை அதன் கண்ணில் படாதபடி பரணில் போட்டுவிட்டோம். பழைய மீன்கூடை ஒன்றை மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, அதற்குள்ளேயே சோறு வைக்கத் தொடங்கினோம். இனி மருத்துவரிடம் போக நேர்ந்தால் கூடையின் மூடியைச் சாத்தினால் போதும். அந்த மூடியும் ஒரு வகைப் போர்வைதான் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அதைச் சாத்தும் நாள் வராமலிருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறோம்.

இன்றுவரை அதை மடியில் தூக்கி வைக்க முடிந்ததில்லை, முயலவும் இல்லை. மாலையில் படிக்கட்டுக்கு வந்து தலையை எங்கள் கைக்குள் தானாக முட்டும். அப்போது கழுத்தை வருடினால் ரோமத்துக்கு அடியில் பழைய கட்டி ஆறிய தழும்பு விரலில் தட்டுப்படும். ஹையராகோன்போலிஸில் ஒடிந்து கூடிய அந்த எலும்பும் ஐயாயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் விரலில் இப்படித் தட்டுப்பட்டிருக்கக்கூடும்.