மாவுச்சத்தை விலக்கிய மருத்துவம்: இருநூறு ஆண்டுகளின் பாடம்



சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது இறைச்சியை எடுத்துக்கொண்டு சோற்றை ஒதுக்கிவிடும் பெரியவர் ஒருவரை இன்று பல குடும்பங்களில் காண்கிறோம். நீரிழிவைக் கட்டுப்படுத்த மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்துவிட்டவர் அவர். அவருடைய சர்க்கரை அளவு இறங்கியதைக் கண்ட உறவினர் சிலர், “உணவே மருந்தாகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு, ஊசி எதற்கு?” என்று கேட்கத் தொடங்குகின்றனர். அந்தக் கேள்விக்கு வரலாறு முன்பே விடை கூறியிருக்கிறது. அவ்விடையை அடைவதற்குள் எண்ணற்ற உயிர்கள் போயின என்பதால், அதனைச் சற்று நிதானமாகக் கேட்பது நம் கடமையாகிறது.

சிறுநீர் இனிக்கும் நோயைப் பழங்காலத்தவர் அறிந்திருந்தனர். சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்ட இந்திய மருத்துவர்கள் அதற்கு மதுமேகம் எனப் பெயரிட்டனர். இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன் ஃபித் திப்’ என்னும் பெருநூலில் இந்நோயை விவரித்தார். அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162–1231) இதற்கெனத் தனியொரு நூலே இயற்றினார். ஆயினும் அந்த இனிப்பு யாது என்பது 1776இல்தான் தெளிவாயிற்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் மேத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியது சர்க்கரையே எனக் காட்டினார். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் இனிப்பதை அவர் கண்டறிந்தார்.

சர்க்கரைதான் நோயின் அடையாளம் என்றால், உடலில் அது எதிலிருந்து உருவாகிறது என்பது அடுத்த கேள்வி. பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் மருத்துவரான ஜான் ரோலோ, தாவர உணவே அதன் ஊற்று எனக் கருதினார். மெரிடித் என்னும் பருத்த உடலுடைய படைத்தலைவருக்கு அவர் விதித்த உணவு பெரும்பாலும் விலங்குணவாகவே இருந்தது. காலையில் பாலும் சுண்ணாம்புத் தெளிநீரும் சிறிது ரொட்டியும் வெண்ணெயும். நண்பகலில் இரத்தமும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பண்டம். பின்னர் நாட்பட்ட கொழுத்த இறைச்சி, குறிப்பாகப் பன்றியிறைச்சி. மெரிடித்தின் சிறுநீரில் சர்க்கரை மறைந்தது. அவர் நலம் பெற்றார். 1797இல் ரோலோ இதனை நூலாக வெளியிட்டார். மாவுச்சத்தைக் குறைக்கும் சிகிச்சையின் எழுதப்பட்ட வரலாறு ஏறத்தாழ இங்கிருந்தே தொடங்குகிறது.

இந்தப் பட்டியலைக் கண்டு நாம் முகம் சுளிப்பது இயல்பே. இரத்தமும் பன்றியிறைச்சியும் நமக்கு ஹராம். ஆனால் ரோலோவின் நோயாளி தேறியதற்கு அவை காரணமல்ல; மாவுச்சத்து குறைந்ததே காரணம். மீன், முட்டை, ஹலாலான இறைச்சி, கீரை, காய்கறி ஆகியவற்றைக் கொண்டே அந்தப் பயனை அடையலாம். இம்முறையைப் பின்பற்ற விரும்பும் ஒரு முஸ்லிமுக்கு மார்க்கத்தின் பக்கமிருந்து எந்தத் தடையும் இல்லை.

அடுத்த நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் அப்போலினேர் பூஷார்தா இம்முறையைச் செப்பனிட்டார். 1870–71இல் பாரிஸ் நகரை ஜெர்மானியப் படை முற்றுகையிட்டபோது மக்கள் உணவின்றி வாடினர். அந்தப் பஞ்சத்தில் நீரிழிவு நோயாளிகள் சிலருடைய சிறுநீரில் சர்க்கரை குறைந்து மறைந்ததை அவர் கவனித்தார். குறைவாக உண்ணுதல், மாவுச்சத்தை விலக்குதல், உடலுழைப்பு ஆகிய மூன்றையும் அவர் வலியுறுத்தினார். மாவுச்சத்து நீக்கிய ரொட்டியையும் அறிமுகப்படுத்தினார். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அர்னால்டோ காந்தானி இன்னும் கடுமை காட்டினார். நோயாளி மறைவாக எதையும் உண்டுவிடக் கூடாது என்பதற்காக அறையில் வைத்துப் பூட்டி, இறைச்சியும் கொழுப்பும் மட்டும் கொடுத்தார்.

இவ்வளவு கடுமைக்கும் பலன் ஒரே சீராக இல்லை. பருத்த உடலுடைய நடுவயதினர் பெரும்பாலும் தேறினர். மெலிந்த சிறுவரும் இளைஞரும் எதை விலக்கினாலும் உருகி மாண்டனர். 1880இல் பாரிஸ் மருத்துவர் எத்தியேன் லான்செரோ, ‘மெலிந்தோர் நீரிழிவு’, ‘பருத்தோர் நீரிழிவு’ என இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். ஆனால் அந்த வேறுபாட்டின் காரணம் அன்று விளங்கவில்லை. ஆகவே பருத்தோருக்குப் பயன்பட்ட உணவே மெலிந்த குழந்தைக்கும் விதிக்கப்பட்டது.

இதன் உச்சத்தை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் காண்கிறோம். அங்கு 1914 முதல் மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் நோயாளிகளை முதலில் பட்டினி இருக்கச் செய்தார். சிறுநீரில் சர்க்கரை நின்றபின், மும்முறை வேகவைத்து ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டிய காய்கறியைக் கொடுத்தார். காய்கறியில் உள்ள சொற்ப மாவுச்சத்தையும் நீக்குவதே அதன் நோக்கம். பார்வையிழந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் சிறுநீரில் மீண்டும் மீண்டும் சர்க்கரை தென்பட்டது. விசாரித்தபோது, பசி தாளாமல் பறவைக்கு வைத்திருந்த தானியத்தையும் பற்பசையையும் அவன் தின்றது தெரியவந்தது. ஆலன் கொடியவர் அல்லர். வேறு மருந்தே இல்லாத காலத்தில், ஒரு குழந்தையின் வாழ்வைச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ நீட்டிக்க அவர் அறிந்த ஒரே வழி அதுவே.

அந்த வழியில் நடந்து கரையேறியவர்களுள் எலிசபெத் ஹியூஸ் ஒருவர். அமெரிக்க அரசியல் தலைவர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகளான அவருக்கு 1919இல், பதினோராவது வயதில் நோய் கண்டது. 34 கிலோ எடையுடன் ஆலனிடம் வந்த சிறுமி, மூன்றாண்டு கடுந்தவத்தின் முடிவில் ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள எலும்புக்கூடாகியிருந்தார். அதற்குள் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டுவிட்டது. 1922 ஜனவரி 11 அன்று லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதே மாதம் 23ஆம் நாள் போடப்பட்ட தூய்மையான மருந்து அவனை மீட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் டொராண்டோ சென்ற எலிசபெத்துக்கு மருத்துவர் பிரெடரிக் பாண்டிங் இன்சுலின் கொடுத்தார். உடல் தேறிய அவர், மணம் புரிந்து, மக்களைப் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். கடுமையான உணவுமுறை அவரை மருந்து வரும்வரை தாங்கிப் பிடித்தது. ஆனால் அவரை வாழவைத்தது இன்சுலினே.

முற்கால இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டதால் முஸ்லிம்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தைக் கருதி உலமாக்கள் பலர் அதற்கு அனுமதி அளித்தனர். பின்னர் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினையே உருவாக்கும் முறை 1978இல் கைகூடியது. 1982இல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று பெரும்பாலும் இம்முறையில் செய்த இன்சுலினே புழக்கத்தில் இருப்பதால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

லான்செரோ கண்ட வேறுபாட்டின் காரணம் 1936இல் துலங்கியது. இங்கிலாந்தின் ஹரோல்டு ஹிம்ஸ்வொர்த், இன்சுலினுக்கு உடல் நன்கு இணங்கும் நோயாளிகளும், இணங்காத நோயாளிகளும் என இருவகையினர் உள்ளதை நிறுவினார். இன்று அவற்றை முதல் வகை, இரண்டாம் வகை என்கிறோம். முதல் வகையில் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. இரண்டாம் வகையில் சுரந்தும் அது போதிய பலன் தருவதில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலினின் தேவை குறையும். ஆகவே இரண்டாம் வகையினர் சிலருக்கு மாத்திரையும் ஊசியும் குறையலாம். முதல் வகையினருக்கோ தேவை ஒருபோதும் இல்லாமற் போவதில்லை. எதையும் உண்ணாதிருந்தாலும் இன்சுலின் இன்றி அவர்களின் இரத்தம் அமிலமாகி உயிருக்கே கேடு விளையும்.

ஊசி வந்தபின் உணவுக் கட்டுப்பாடு தளர்ந்தது. மாவுச்சத்தைத் தாராளமாக உண்ணும் அறிவுரையும் பரவியது. அதற்கு மாற்றுக்குரல் கொடுத்தவர்களுள் ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் குறிப்பிடத்தக்கவர். பன்னிரண்டு வயதில் முதல் வகை நீரிழிவுக்கு ஆளான இப்பொறியாளர், மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்ட இரத்தச் சர்க்கரைமானியை மருத்துவரான தம் மனைவி வழியாக 1969இல் வாங்கித் தம்மைத் தாமே சோதித்தார். நாளொன்றுக்கு 30 கிராம் மாவுச்சத்து என வரையறுத்துக்கொண்டு சர்க்கரையைச் சீராக்கினார். பின்னர் மருத்துவம் பயின்று, எண்பது வயதைக் கடந்தும் நோயாளிகளைக் கவனித்தார். அத்தகையவரும் தம் இறுதிவரை இன்சுலினைக் கைவிடவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. 2019இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அறிக்கை, சர்க்கரையைக் குறைக்கும் உணவு வழிகளுள் மாவுச்சத்தைக் குறைப்பதற்கே சான்று மிகுதி என ஒப்புக்கொண்டது.

ஆதலால் சோற்றைக் குறைக்கும் பெரியவரை நாம் தடுக்கவேண்டியதில்லை. அவருக்கெனக் கீரையும் மீனும் சமைத்துக் கொடுப்போம். விருந்தில் நெய்ச்சோற்றை வற்புறுத்தாதிருப்போம். அதே வேளையில், இம்முறையைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லுமாறு அவரை வேண்டுவோம். பழைய அளவிலேயே இன்சுலினையோ சில மாத்திரைகளையோ தொடர்ந்தால் சர்க்கரை திடீரென வீழ்ந்து மயக்கம் நேரும். எம்பாகுளிஃப்ளோசின், டாபாகுளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உண்போர் மாவுச்சத்தை அறவே விலக்கினால் இரத்தத்தில் அமிலம் பெருகும் ஆபத்து உண்டு. ரமளானில் நோன்பும் இவ்வுணவுமுறையும் சேரும்போது இக்கவனம் இருமடங்காகவேண்டும்.

அனைத்திற்கும் மேலாக, பாட்டனாருக்குப் பலித்ததைப் பேரனுக்கு விதித்து, அக்குழந்தையின் ஊசியை நிறுத்தும் துணிவு நம்மில் எவருக்கும் வரலாகாது. அந்தச் சோதனையை உலகம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்துவிட்டது. தின்ன ஏதுமின்றிப் பறவையின் தானியத்தைத் தின்ற சிறுவனின் கைக்கு எட்டாத மருந்து, இன்று நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. அந்த அமானிதத்தைப் பேணுவோம்.